மட்டைக் கைபிடியின் பொருத்தை வெட்ட எந்த வாள்?

சண்டிலிப்பாயிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தச்சு வேலை செய்த ஓடாவியார் ஒருவரின் மகனான அவர், பாடசாலைப் பிள்ளைகளின் பழுதான கிரிக்கெட் துடுப்பு மட்டைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறார். இனிமேல் காஷ்மீர் வில்லோ மரப் பலகைகளையும் பிரம்புக் கைபிடிகளையும் தனித்தனியே தருவித்துத் தாமே மட்டை செய்ய விரும்புகிறார். ஆனால் தகப்பனார் விட்டுச் சென்ற பித்தளை முதுகுள்ள வாளால், பலகையில் கைபிடி இறங்கும் ஆப்பு வடிவப் பள்ளத்தை வெட்டும்போது பாதி வழியில் வாள் நின்றுவிடுகிறதாம். இதற்கிடையில், பாண்ட் சோ (பட்டைவாள் இயந்திரம்) ஒன்றும் சில கருவிகளும் அடங்கிய “மட்டை செய்யும் முழுத் தொகுதி” ஒன்றைத் தவணைக் கட்டணத்தில் தருவதாகக் கொழும்பு முகவர் ஒருவர் சொல்கிறார். கடன் எடுத்து அதை வாங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம். ஆண்டுக்குச் சில பத்து மட்டைகள் செய்யப்போகும் ஒருவருக்கு முதுகுப்பட்டை இல்லாத, நாரோட்டத்தின் வழியே அறுக்கும் நல்ல நெடுக்குவாள் ஒன்று, ஓர் அங்குல அகலமுள்ள கூரான உளி ஒன்று, சிறிய சீவுளி ஒன்று, வாளைத் தீட்டுவதற்கு முக்கோண அரம் ஒன்று ஆகியவை போதும். உங்களிடம் உளியும் சீவுளியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை உண்மையில் ஒரு வாளும் ஓர் அரமும்தான்.

தகப்பனாரின் வாளில் குறை எதுவும் இல்லை. அது வேறு வேலைக்குரிய வாள். கைபிடியின் கீழ்முனையான ஆப்பு பலகைக்குள் ஏறத்தாழ 5 அங்குலம் இறங்குகிறது. முதுகுள்ள வாள்களில் பல்லுக்கும் முதுகுக்கும் இடையே பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குலம்தான் இருக்கும். வெட்டு அந்த ஆழத்தை எட்டியதும் தடித்த பித்தளை முதுகு பலகையின் தலையில் வந்து முட்டுவதால், அதற்குக் கீழே எவ்வளவு அழுத்தினாலும் வாள் இறங்காது. அப்போது வாளைச் சரித்துச் சரித்து இறக்கப் பார்ப்பது பலருடைய வழக்கம். முன்முகத்தில் ஒரு கோடும் பின்முகத்தில் வேறொரு கோடுமாக வெட்டு முறுகிப் போவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது பல். இந்தப் பள்ளம் மரத்தின் நாரோட்டத்தின் வழியே வெட்டப்படுவது. குறுக்காக அறுப்பதற்கென்று தீட்டிய வாளை இதற்குப் பயன்படுத்தினால், வில்லோவின் மென்மையான தூள் பல்லிடையில் அடைந்துகொள்ளும்; வாள் வெட்டுவதை விட்டு உராயத் தொடங்கும். நெடுக்குவாளின் பல் நுனி சிறிய உளியைப் போல நேராகத் தட்டையாக இருக்கும். குறுக்குவாளின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சரித்துத் தீட்டப்பட்டு, நுனி கத்தி முனையாக நிற்கும். கடையில் ஐயம் வந்தால் ஒரு தையல் ஊசியைப் பல் வரிசையின் மேல் நெடுக்காக வைத்து வாளைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். இரு வரிசை முனைகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஊசி வழுக்கி ஓடினால் அது குறுக்குவாள். அங்குலத்துக்கு 6 முதல் 8 பற்கள் உள்ள நெடுக்குவாள் இந்த வேலைக்குப் பொருத்தமானது.

வாள் வாங்கும்போது பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலோ சுன்னாகத்திலோ எந்த இரும்புக் கடைக்குப் போனாலும், பல் நுனிகள் கருநீலமாக மினுங்கும் வாள்களையே முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அந்த நீலம் பல்லைச் சூடாக்கிக் கடினப்படுத்தியதன் அடையாளம். புதிதில் அது நன்றாக வெட்டும். மழுங்கிய பிறகு அரம் அதில் பிடிக்காது, எறிய வேண்டியதுதான். கைபிடிப் பிரம்பில் இருக்கும் மணல் போன்ற சிலிக்கா எந்தப் பல்லையும் விரைவில் மழுக்கிவிடும் என்பதால், மட்டை வேலைக்கு இத்தகைய வாளை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதாகும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வாளின் தகட்டில் இங்கிலாந்தின் உருக்கு நகரான “ஷெஃபீல்ட்” என்றோ “ஜப்பான்” என்றோ பொறித்திருப்பதைக் காட்டி விலையை இரட்டிப்பாக்குவார். எழுத்தைப் பொறிப்பதற்கு ஒரு அச்சு போதும் என்பதால், பெயரை விட்டுவிட்டுப் பல்லைப் பாருங்கள். பழைய தச்சுப் பட்டறைகளில் தொங்கும் துருப்பிடித்த நெடுக்குவாள், தகடு வளையாமல் நேராக இருந்தால், புதியவற்றில் பெரும்பாலானவற்றை விட மேலானது.

முகவர் தரும் பாண்ட் சோவுக்கு வருவோம். தொழிற்சாலைகளில் இந்தப் பொருத்தை இயந்திரத்தில் வெட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரே அளவில் நூற்றுக்கணக்கான மட்டைகள் வெட்டப்படுகின்றன. உங்களுக்குக் காட்டப்படும் இயந்திரம் ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு இங்கே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நம்முடையது 230 வோல்ட். இடையில் வைக்கும் மின்மாற்றியின் விலையை முகவர் முதல் நாளில் சொல்வதில்லை. அத்துடன், ஜப்பானின் மேற்குப் பகுதியில் 60 ஹேட்ஸ் அலைவெண் கொண்ட மின்சாரமே உள்ளது. அதற்கென்று செய்த மோட்டார் நம்முடைய 50 ஹேட்ஸில் வேகம் குறைந்தும் சூடேறியும் ஓடும். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர இதை மாற்றாது. மோட்டாரின் தகட்டில் உள்ள எண்களை நீங்களே வாசிக்காமல் ஒரு ரூபாவும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். தகடு கழற்றப்பட்டிருந்தால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சுயதொழிலுக்கென்று கடன் தருகிறவர்கள் இயந்திரத்துக்கான விலைமனு மூன்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழைய பட்டறையில் வாங்கும் நல்ல வாளுக்கு எந்த ஓடாவியார் விலைமனு எழுதித் தருவார்? இதனால் சில ஆயிரம் ரூபாவில் முடியும் தொழில் சில இலட்சம் ரூபாக் கடனோடு தொடங்குகிறது. தச்சுப் பயிற்சி நெறிகளோ கதவு, யன்னல், அலுமாரி என்பதோடு நின்றுவிடுகின்றன. வாள் தீட்டத் தெரியாமலே சான்றிதழோடு வெளியே வருகிற பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். முகவர்கள் பிழைப்பதற்கு இடம் கிடைப்பது இப்படித்தான்.

வாளை விட முதன்மையானது அளவுத் தகடு. அதை நீங்களே செய்துகொள்ளலாம். பள்ளத்தின் வாய் ஒன்றேகால் அங்குலமும் ஆழம் 5 அங்குலமும் என்றால், நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 8க்கு 1 என்ற சரிவில் செல்கிறது. மெல்லிய அலுமினியத் தகட்டில் அந்தச் சரிவை வெட்டி வைத்துக்கொண்டு, பலகையின் முன்முகத்திலும் பின்முகத்திலும் கூரான கத்தி முனையால் கோடு கீறுங்கள். இரு கோடுகளையும் தலைப்பக்கத்தில் மூலைமட்டத்தால் இணையுங்கள். பென்சில் கோட்டின் தடிப்பே பொருத்தைக் கெடுக்கப் போதுமானது. விதிப்படி மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதில் ஒன்றேகால் அங்குலம் பள்ளத்துக்குப் போனால் இரு பக்கமும் ஒன்றரை அங்குல மரமே எஞ்சும். கைபிடிக்கு இருபுறமும் உள்ள தோளின் வளைவைச் சீவிய பிறகு அதுவும் குறையும். கோடு ஒரு பக்கம் சரிந்தால் மெலிந்த தோள்தான் முதலில் வெடிக்கும்.

கோட்டுக்கு உட்புறமாக, ஒரு நூல் மரம் விட்டு அறுங்கள். எஞ்சியதை உளியால் எடுங்கள். உளியைப் பள்ளத்தின் வாயிலிருந்து அடிநோக்கி ஒருபோதும் தள்ளாதீர்கள். நார் அந்தத் திசையில் மரத்தின் உள்ளே போவதால் உளி அதைப் பின்தொடர்ந்து தோளைப் பிளந்துவிடும். முன்முகத்திலிருந்து நடுவரை, பின்முகத்திலிருந்து நடுவரை என்று தடிப்பின் குறுக்காகவே சீவுங்கள். மண்தாளால் தேய்க்கக் கூடாது, ஓரங்கள் உருண்டு பசை பிடிக்கும் பரப்புக் குறைந்துவிடும். கிறைண்டரில் மரம் வெட்டும் தட்டைப் பூட்டி இந்த வேலையைச் செய்வோர் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அது பள்ளத்தை எரிக்கும், கையையும் எடுக்கும்.

பள்ளம் முடிந்த பிறகே பிரம்பின் ஆப்பைச் சீவுங்கள். பள்ளத்துக்குள் சீவுளி போகாது, ஆப்பின் வெளிப்புறத்தில் தாராளமாகப் போகும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். தடித்த பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சீவி, பள்ளத்தின் சுவரில் சுண்ணக்கட்டித் தூளைப் பூசி ஆப்பை இறக்கி எடுத்தால், தூள் ஒட்டிய மேடுகள் எவை என்று தெரியும். அவற்றை மட்டும் எடுங்கள். ஆப்பின் நுனி அடியில் முட்டும் முன்பே பக்கங்கள் இறுகிவிட வேண்டும். இந்தச் சரிந்த பொருத்து 1880களில் சார்ள்ஸ் றிச்சட்சன் என்ற இரயில்வேப் பொறியியலாளரின் பெயரோடு வந்தது. பந்தின் அதிர்ச்சி ஓரிடத்தில் குவியாமல் நீண்ட இரு சுவர்களிலும் பரவுவதே அதன் பயன். நுனி மட்டும் முட்டி நிற்கும் ஆப்பில் அந்தப் பயன் கிடைக்காது.

இவை யாவும் புதிய பலகைக்கு உரியவை. “வடக்கின் பெரும் போர்” எனப்படும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி நெருங்கும் நாட்களில் உங்களிடம் வருவனவோ பெரும்பாலும் கைபிடி முறிந்த பழைய மட்டைகள். அவற்றில் பள்ளத்தின் மேல் வாளை வைக்கவே கூடாது. பள்ளத்தைச் சுத்தமாக்குவோம் என்று ஒரு முறை அறுத்தால் வாய் அகன்றுவிடும். கடையில் வாங்கும் கைபிடி அதன் பிறகு தளர்ந்து நிற்கும். தளர்வைப் பசையால் நிரப்பினால் சில ஓவர்களில் அது கழன்றுவிடும். பழைய கைபிடியைத் தோளுக்கு மேலே குறுக்காக அறுத்துவிட்டு, உள்ளே எஞ்சியதன் நடுப்பகுதியைத் துளையிட்டுத் தளர்த்தி, உளியால் பிரம்பைக் கீற்றுக் கீற்றாக எடுங்கள். சுவரை ஒட்டிய கடைசிக் கீற்றுக்கு வந்ததும் ஈரத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வழமையான வெள்ளை மரப்பசையும் பழைய வச்சிரப் பசையும் சூட்டில் இளகும். பிறகு உளியின் தட்டைப் பக்கத்தைச் சுவரோடு படியவைத்துப் பசையை மட்டும் சுரண்டுங்கள். மரம் நன்கு உலர ஒரு நாள் விடுங்கள். அந்தப் பள்ளத்தின் சரிவு உங்கள் அளவுத் தகட்டோடு ஒத்துப்போகாது. எனவே தகட்டை ஒதுக்கிவிட்டு, கடதாசி மட்டையில் அந்தப் பள்ளத்தின் வடிவத்தையே எடுத்து அதற்கேற்ப ஆப்பைச் சீவுங்கள். முன்முகத்துக்கு ஒன்று, பின்முகத்துக்கு ஒன்று என இரண்டு கடதாசி வடிவங்களை வெட்டுங்கள், ஏனெனில் பழைய மட்டைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவாக இருப்பதில்லை.

வாள் கையில் வந்ததும், சரக்குப் பெட்டிகளிலிருந்து கழற்றிய பைன் பலகையில் பழகுங்கள். வில்லோவைப் போல அதுவும் மென்மையானது, விலையும் குறைவு. இரு முகக் கோடுகளிலும் வெட்டு ஒரே சீராக இறங்கும் வரை வில்லோவைப் பொதியிலிருந்து எடுக்க வேண்டாம். முகவரிடம் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இனியும் கொடுக்காதீர்கள்.