நிலநடுக்கம் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. மகள் புவி இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறாள், அதிலும் கண்டங்களின் நடுவே வரும் நிலநடுக்கங்களை ஆராய வேண்டும் என்கிறாள், வீட்டில் எல்லோரும் ‘கல் பொறுக்கவா படிக்கப் போகிறாய்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பிரிவில் கல்லைத் தொடுகிறவர்கள் குறைவு. நாள் முழுக்கக் கணக்கும் கணினியும்தான்.

அவள் பிடித்திருக்கும் கேள்வி நல்ல கேள்வி. நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை நிலத்தட்டுகளின், அதாவது பூமியின் மேல்பகுதியில் மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டுகளின், விளிம்பில் வருகின்றன. ஆனால் 1811–12இல் அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியை உலுக்கியவை, எந்த விளிம்பிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தவை. இப்படிப்பட்ட இடங்களில் பாறை உடைவது பூமியின் வெளி அடுக்கான மேலோட்டில்தான். காரணம் தேடுகிறவர்கள் 200 கிலோமீட்டர் ஆழம் வரை, மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற பாறை அடுக்குக்குள் போகிறார்கள். பழைய கண்டங்களுக்கு அடியில் குளிர்ந்து இறுகிய தடித்த வேர் ஒன்று இருக்கிறது. அது எளிதில் வளைந்துகொடுக்காது. அது மெலிந்த இடத்திலும் அதன் ஓரத்திலும், தட்டை நெருக்கும் விசை பழைய பிளவுகள்மேல் இறங்குகிறது. நியூ மாட்ரிடுக்குக் கீழேயும் ரீல்ஃபுட் என்ற பழம்பிளவு உண்டு. போதாததற்கு, ஃபாரலான் என்ற பழைய தட்டு மேன்டிலில் மூழ்கும்போது மேலே இருப்பதையும் கீழே இழுக்கிறது என்று ஒரு விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆராய்ச்சிக்கு வருகிறவருக்கு அது நல்ல செய்தி.

அவ்வளவு ஆழத்தைத் துளையிட்டுப் பார்க்க முடியாது; நிலநடுக்கங்களின் அதிர்வலைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சூடான பகுதியில் அதிர்வலை மெதுவாகப் போகும், குளிர்ந்த பகுதியில் வேகமாகப் போகும். கணக்குப்படி வரவேண்டிய அலை ஒரு நொடி தாமதமாக வந்தால், அந்த நொடி வழியில் எங்கே போனது என்று தேடுவதுதான் வேலை. இதற்காக அமெரிக்காவில் சுமார் 400 அதிர்வுப் பதிவுக் கருவிகளை 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்து, மேற்கிலிருந்து கிழக்கே படிப்படியாக நகர்த்தினார்கள். அந்தப் பதிவுகளை யாரும் இலவசமாக எடுக்கலாம்.

அதனால் சேர்வதற்கு முன் ஒரு சோதனை. விடுமுறையில் அவள் பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்று, அதிர்வுப் பதிவுகளைப் படிக்கும் ஆப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் ஒரு பதிவைத் திறந்து, இரைச்சலுக்கு நடுவே முதல் அலை எந்த நொடியில் வந்தது என்று குறிக்கட்டும். நாலைந்து பதிவுகளிலேயே அலுத்துவிட்டால் இப்போதே தெரிந்தது நல்லது.

பட்டத்துக்கு இயற்பியலோ கணிதமோ எடுக்கச் சொல்வேன். புவி இயற்பியல் முதுநிலையில் வரட்டும்; நடுவில் மனம் மாறினாலும் நட்டமில்லை. ஆராய்ச்சி வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும், நிரந்தரப் பதவிக்குப் போட்டி கடுமை, இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அணை, அணுமின் நிலையம் கட்டுமுன் நில அதிர்வு ஆபத்தைக் கணக்கிட ஆள் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்கும் வேண்டும். எண்ணெய், புவிவெப்பத் துறைகளும் உண்டு. அணுகுண்டுச் சோதனையைக் கண்காணிப்பவர்களும் இதே அலைகளைத்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம், நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டியே சொல்லலாம் என்ற ஆசையில் வருகிறாளா என்று கேளுங்கள். அது இன்று யாராலும் முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு ஆபத்து என்று பல பத்தாண்டுகளுக்கான வாய்ப்பாகத்தான் சொல்ல முடியும். அது அவளுக்குப் போதுமா? பதிலை எழுதுங்கள், கல்லூரியைப் பற்றி அதன்பின் பேசலாம்.