படைப்பதற்கு முன் எடுத்து வைக்கும் சோறு

கேள்வி: அரசியல், மதம், உறவினர் ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குள் மோதும்போது நீங்கள் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் சமாளிக்கிறேன் என்று எழுதினால் எங்கள் வீட்டில் உள்ளவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். திருகோணமலை நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறேன். மனைவி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன், சாதாரண தரப் பரீட்சையை முடித்த மகள், எழுபத்தாறு வயதான அம்மா ஆகியோரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் எனக்கு, சண்டை தொடங்கிய பிறகு அதைத் தீர்த்து வைத்த அனுபவம் ஒன்றேனும் இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது. அவர் தீர்ப்பதில்லை, சண்டை வருவதற்கு முன்னரே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்துவிடுவார். அதை எப்படிச் செய்கிறார் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

என் தம்பி 2016ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். திருகோணமலையில் பரம்பரைக் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள். நத்தாருக்கு அவர்கள் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும். தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அவர்களுக்குப் போகும். ஆகவே கிறிஸ்தவம் எங்களுக்குப் புதிதன்று. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையே திருநீறு பூசாமல் வந்து நிற்பது புதிது. அடுத்த ஆண்டு அப்பாவின் திவசத்துக்குத் தம்பி வந்தார். ஐயர் வந்து போகும் வரையில் முற்றத்து மாமரத்தடியில் நின்றார். பந்தியில் எங்களோடு உட்காரவும் செய்தார். இலையில் சோறு விழுந்ததும், படைத்த உணவைத் தாம் உண்பதில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார். பெரியம்மா அழுதார். சித்தப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். கனடாவில் இருக்கும் அத்தான், மாலையில் தொலைபேசியில் செய்தி அறிந்து, பெற்ற தகப்பனின் சோற்றை மறுத்தவனை வாசலில் ஏற்றக் கூடாது என்று ஒரு மணித்தியாலம் பேசினார். அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரைக் கழிப்பறைக்குத் தூக்கிச் சென்றது அந்தத் தம்பிதான் என்பது அத்தானுக்குத் தெரியாததன்று. நானும் அதை அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

அன்றிரவு, தம்பி வீட்டில் விட்டுச் சென்றிருந்த வேதாகமத்தை எடுத்து வாசித்தேன். பக்தியால் அல்ல, பிழை பிடிப்பதற்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போஸ்தலருடைய நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் தம்பி சொன்ன தடை இருந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை என்ற கருத்தில் பவுல் எழுதியிருப்பதையும் கண்டேன். கையில் நல்ல ஆயுதம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு அந்தப் பக்கத்தில் ஒரு கடைப் பற்றுச்சீட்டை அடையாளம் வைத்தேன். பிறகு அந்த அதிகாரத்தின் கடைசி வரி வரையில் படித்தேன். தான் உண்பது சகோதரனுக்கு இடறலாகுமென்றால் ஒருபோதும் இறைச்சியே உண்ண மாட்டேன் என்று அங்கே அவர் முடிக்கிறார். இடறல் யாரால் யாருக்கு என்று யோசித்தேன். பற்றுச்சீட்டு இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறு ஆண்டு திவசத்தில் அம்மா செய்ததைக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். சோறு வடித்தாயிற்று. வாழைக்காய்ப் பிரட்டல், பயற்றங்காய், கத்தரிக்காய்க் குழம்பு, பூசணி, பருப்பு, வடை எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டன. படையலுக்கு இலை போடுவதற்கு முன்னர், அம்மா மூடியுள்ள ஓர் அலுமினியச் சட்டியை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அதில் இட்டு, மூடி, மேல் தட்டில் வைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பந்தி தொடங்கியபோது தம்பியின் இலையில் அந்தச் சட்டியிலிருந்து பரிமாறினார். "இது முதலே எடுத்து வைத்தது, சாப்பிடு" என்றார். அதே பானைச் சோறுதான். தம்பி தலையைக் குனிந்து ஒரு நிமிடம் தம் முறைப்படி செபித்துவிட்டு மூன்று முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். சித்தப்பா இலையை மடிக்கவில்லை. அன்று முதல் இன்று வரையில் அந்தச் சட்டி எங்கள் வீட்டுத் திவசத்தின் பாத்திரங்களுள் ஒன்றாகிவிட்டது.

தம்பி கோயிலுக்குள் வருவதில்லை என்பது எனக்குத் தரும் வருத்தத்துக்குக் காரணம் சமயத்தைவிட அப்பாதான். சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பின்னர், 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டதை ஊரில் அறியாதவர் இல்லை. அப்போது அப்பாவுக்கு ஆறு வயது. பாட்டனாரின் தோளில் இருந்தபடி அந்தத் திருவுருவங்களைப் பார்த்ததாகச் சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். 1963ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் நின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர். சம்பந்தர் பாடிய தலம் என்ற பெருமையைவிட, கிணற்றுக்குள் காத்திருந்த சாமி என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. நானும் பெரிய பக்திமான் அல்லன். கோட்டை வாசலில் காவலில் நிற்கும் இராணுவத்தினரைக் கடந்து, வழியில் நிற்கும் மான்களுக்கு அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைப் பறிகொடுத்து, மேலே ஏறிக் கடற்காற்றில் ஐந்து நிமிடம் நின்றால் மாதாந்தக் கடன் தவணை சிறிது நேரம் மறந்துபோகும். என் சமயம் அவ்வளவுதான்.

அரசியலுக்கு வருகிறேன். வெளியூர் நண்பர்கள் மதத்தையும் அரசியலையும் பிரித்து வைக்கும்படி சொல்வது இந்த ஊரில் நடக்காத காரியம். 2005ஆம் ஆண்டு மே மாதம் நகர மையத்தில் இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை எழுந்ததும் கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடந்ததை, அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத நான் நேரில் கண்டேன். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால், இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று அம்மா கதை சொல்வார். அங்கே நிற்கும் தொல்லியல் திணைக்களத்தின் பலகை வேறு கதை சொல்லும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 379,541. முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம். நாடாளுமன்ற ஆசனங்களோ நான்கு மட்டுமே. இந்தக் கணக்கு எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ் வாக்குச் சிதறினால் எங்களுக்கு இருக்கும் ஓர் ஆசனமும் போய்விடும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் நிற்கிறோம்.

1977இல் உதயசூரியன் சின்னத்துக்கு வாக்களித்த அப்பாவுக்கு அரசியலில் குழப்பமே இருந்ததில்லை. அந்தத் தேர்தலில் முதன்முதலாக நாடாளுமன்றம் சென்ற இரா. சம்பந்தன் எந்தச் சின்னத்தில் நின்றாலும் அவருக்குத்தான் வாக்கு என்று இருந்துவிட்டார். 2024 ஜூன் 30ஆம் திகதி சம்பந்தன் காலமானார். மூன்று மாதம் முடிவதற்குள், செப்டெம்பர் 21ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் வந்தது. 38 பேர் போட்டியிட்டதால் இரண்டடிக்கு மேல் நீண்டிருந்த அந்த வாக்குச் சீட்டைப் போலவே எங்கள் வீட்டு வாக்குவாதமும் நீண்டது. தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். கட்சிக்குள்ளேயே ஒற்றுமை இல்லாதபோது என் குசினிக்குள் அதை எப்படி எதிர்பார்ப்பது?

மனைவி சங்கு என்றார். அவர் சம்பூர்ப் பெண். 2006ஆம் ஆண்டுப் போரில் அவருடைய தாய் தந்தையர் உடுத்த உடையோடு வெளியேறி, கிளிவெட்டி முகாமில் தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது மாமாவை நான்தான் கூட்டிச் சென்றேன். வீடு இருந்த இடம் பற்றைக்காடு. மாமா தடியால் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்து, கிணற்றுக் கட்டைக் கண்டதும் அதன் மேல் உட்கார்ந்து, தமது தந்தை சீமெந்தில் விரலால் எழுதிய ஆண்டைக் கையால் தடவித் தடவித் துடைத்தார். அதன் பிறகே இதுதான் தமது வளவு என்று சொன்னார். மனைவிக்கு அரசியல் என்பது அந்தக் கிணற்றுக் கட்டு. வெல்ல முடியாத வேட்பாளருக்கு ஏன் வாக்கு என்று நான் கேட்டபோது, "வெல்லப் போறவருக்கு மட்டும்தான் எங்கட கதையைச் சொல்ல வேணுமா?" என்றார். மகனுக்கு அநுரகுமார திசாநாயக்கவின் திசைகாட்டிச் சின்னம். 2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற தலைமுறை அது. இத்தனை ஆண்டுகள் ஆண்டவர்கள் யாரும் வேண்டாம் என்பது அவன் வாதம். நான் கட்சி சொன்னபடி சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு. அதில் எனக்கும் முழு மனது இல்லை, பழக்கம்தான்.

தேர்தலுக்கு முதல் வாரம் மேசையில் குரல் உயரத் தொடங்கியதும் அம்மா மீண்டும் தம் வேலையைச் செய்தார். சனிக்கிழமை காலை ஏழரைக்கு முச்சக்கர வண்டி வரும், நான்கு பேரும் ஒன்றாகப் போகிறோம், போகும்போதும் வரும்போதும் ஒருவரும் சின்னம் பேசக் கூடாது, வந்ததும் இடியப்பமும் சொதியும் என்று மூன்று நாட்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார். அப்படியே போனோம், அப்படியே வந்தோம். அம்மா யாருக்குப் போட்டார் என்று மகன் கேட்டதற்கு, மை பூசிய விரலைக் காட்டினார், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் சஜித் முதலிடம் பெற்றார். நாட்டில் அநுர வென்றார். நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் நான்கில் இரண்டு ஆசனங்களை அநுரவின் தேசிய மக்கள் சக்தியும் ஒன்றைத் தமிழரசுக் கட்சியும் எடுத்தன. மகனும் நானும் தத்தமக்குத் தோதான எண்ணைச் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தோம்.

உறவினரில் சிரமமானவர்கள் தூரத்தில் இருப்பவர்கள்தான். அத்தான் 1990இல் வெளியேறியவர். அவருடைய திருகோணமலை அந்த ஆண்டிலேயே நின்றுவிட்டது. அவர் அனுப்பும் பணத்தில்தான் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நடந்தது என்பதால் அவர் சொல்வதைப் பேசாமல் கேட்டுக்கொள்வது வழக்கம். ஒரு முறை மட்டும் கேட்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம்களின் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள் என்ற செய்தியை அவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். என் முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். ஒவ்வொரு ஆண்டும் திவசத்துக்கு முதல் நாள், யாரும் கேட்காமலே, எருமைத் தயிர்ச் சட்டிகள் இரண்டைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போவார். அப்பாவின் படையலில் இருக்கும் தயிர் அதுதான். குழுவில் ஒரே வரி எழுதினேன்: "அத்தான், என் சம்பளம் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது, அப்பாவின் தயிரும் அங்கிருந்துதான் வருகிறது, இரண்டுக்கும் வேறு வழி சொன்னால் நிறுத்திவிடுகிறேன்." இரண்டு நாள் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மா தம் பேத்தியின் அரங்கேற்றப் படத்தைப் போட்டார். சபைக்குப் போகும் தம்பி, மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் அன்று நடந்த குண்டுவெடிப்பை நினைத்து ஞாயிறுகளில் பயந்து பயந்து செபிக்கப் போன காலம் அது. அவரும் அந்தச் செய்தியைப் பகிரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அம்மாவின் முறைக்கும் எட்டாத ஒன்று இருக்கிறது. எங்கள் வழக்கப்படி தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்க வேண்டும். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மாவுக்கு வைக்க வேண்டியவர் தம்பி. இதைப் பற்றி அம்மா இதுவரையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனியாக எடுத்து வைப்பதற்கு இது சோறும் இல்லை. கடந்த ஆண்டு திவசம் முடிந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த அலுமினியச் சட்டியைத் துடைத்தபடி தம்பி தாமாகவே தொடங்கினார்.

"அண்ணா, அம்மாவுக்குச் செய்யாமல் நான் விட மாட்டேன். எப்படிச் செய்வேன் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்."

நான் கேட்கவில்லை.