எந்த லெவலில் விட்டுப் போனார்கள்? கேம் உருவாக்குவோருக்கான கேள்வி–பதில்

கே: மூன்று பேர் சேர்ந்து ஒரு புதிர் கேம் வெளியிட்டிருக்கிறோம். எந்தப் பட்டனைத் தொட்டாலும் ஃபயர்பேஸில் (ஆப்புகளுக்கான கூகுளின் கருவித் தொகுப்பு) பதிவாகும்படி வைத்தோம். டேட்டா குவிந்து கிடக்கிறது. எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. (கோவை வாசகர்)

பட்டன் பதிவுகளை நிறுத்திவிடுங்கள். புதிர் கேமுக்கு முதலில் வேண்டியது இரண்டே ஈவென்ட் (நிகழ்வுப் பதிவு): லெவல் தொடக்கம், லெவல் முடிவு. இரண்டிலும் லெவல் எண்ணும் எத்தனையாவது முயற்சி என்பதும் இருக்கட்டும். முடிவில் கூடுதலாக வெற்றியா தோல்வியா, எத்தனை நொடி ஆனது, தோற்றிருந்தால் இலக்கில் எவ்வளவு பாக்கி. ஃபயர்பேஸ் ஒரு ஈவென்டுக்கு 25 பாராமீட்டர் (கூடவே அனுப்பும் விவரம்) வரை ஏற்கும். உங்களுக்கு ஆறு போதும்.

ஆறாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: லெவல் வடிவத்தின் பதிப்பெண். 14ஆம் லெவல் கஷ்டம் என்று அடுத்த வெளியீட்டில் அதை இளக்குவீர்கள். ஆப்பைப் புதுப்பிக்காதவர் பழைய 14ஐயே ஆடிக்கொண்டிருப்பார். பதிப்பெண் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே எண்ணில் கலந்து, மாற்றம் பலன் தந்ததா என்று சொல்லவே முடியாது.

வெற்றி விகிதம் குறைவு என்பதற்காக உடனே லெவலில் கை வைக்காதீர்கள். அதைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் அப்புறம் 7 நாள் தலைகாட்டவே இல்லை என்று எண்ணுங்கள். இலக்கில் ஒன்றிரண்டு பாக்கி வைத்துத் தோற்றவர் பெரும்பாலும் மறுபடி முயல்வார். பாதிக்கு மேல் பாக்கியோடு திரும்பத் திரும்பத் தோற்பவரே கிளம்பிவிடுவார். நடுவில் ஆப்பை மூடினால் முடிவு ஈவென்ட் வராது. தொடக்கம் இருந்து முடிவு இல்லாத பதிவுகளையும் தனியாக எண்ணுங்கள்.

கே: குறிப்பு காட்டும் பட்டனை 500 பேருக்குக் கொடுத்தோம், வேறு 500 பேருக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் திரும்பியவர்கள் 42%, 39%. பட்டன் ஜெயித்துவிட்டதுதானே? (மதுரை வாசகி)

இன்னும் இல்லை. வித்தியாசம் 15 பேர். இரு பக்கமும் ஒரே கேமைக் கொடுத்திருந்தாலும், 500 பேரில் 3 புள்ளி இப்படியோ அப்படியோ போவது சாதாரணம். தோராயக் கணக்கு இது: திரும்பும் விகிதம் 0.4 என்றால் 0.4 × 0.6 × 16, அதைக் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் (0.03 × 0.03) வகுங்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய 4,270 பேர் வேண்டும். அத்தனை பேர் சேரும்வரை தினமும் எட்டிப் பார்த்து, முன்னால் இருக்கும் நாளில் சோதனையை நிறுத்தாதீர்கள். எங்காவது ஒரு நாள் தற்செயலாக முன்னால் இருக்கத்தான் செய்யும்.

குக்கீ கேட்ஸ் என்ற புதிர் கேமின் சோதனை டேட்டா பொதுவில் கிடைக்கிறது, இறக்கிப் பழகுங்கள். காத்திருக்கவோ காசு கொடுக்கவோ வைக்கும் ஒரு தடையை 30ஆம் லெவலிலிருந்து 40க்குத் தள்ளிப் பார்த்தார்கள். மொத்தம் 90,189 பேர். தள்ளி வைத்தால் கூடுதல் பேர் தங்குவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். வந்த விடை வேறு. ஏழாம் நாள் திரும்பியவர்கள் 30இல் 19.0%, 40இல் 18.2%. பக்கத்துக்கு சுமார் 45,000 பேர் இருப்பதால் இந்த 0.8ஐ நம்பலாம். மறுநாள் விகிதமோ 44.8%, 44.2%. அந்த 0.6 தற்செயலாகவும் இருக்கலாம்.

அதே டேட்டாவில் ஒருவர் 14 நாளில் 49,854 ஆட்டம் ஆடியதாகப் பதிவாகியிருக்கிறது. தூங்காமல் ஆடினாலும் 24 நொடிக்கு ஓர் ஆட்டம்! அந்த ஒரே வரி அவருடைய குழுவின் சராசரியை ஓர் ஆட்டத்துக்கு மேல் உயர்த்திவிடுகிறது. இரு குழுவினரையும் ஆடிய எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்ணிக்கை (இடைநிலை) வெறும் 16. ஆகவே சராசரியை விடுத்து இடைநிலையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் 30 ஆட்டமே ஆடவில்லை. தடை எங்கே இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். உங்கள் சோதனையிலும் குறிப்பு தேவைப்படும் லெவலை எட்டியவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கே: ஒரே நாளுக்கு எங்கள் சர்வர் ஒரு எண், அனலிட்டிக்ஸ் இன்னொரு எண் காட்டுகிறது. (யாழ்ப்பாண வாசகர்)

நேர மண்டலத்தைப் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) நாள் நமக்குக் காலை 5.30க்குத்தான் முடிகிறது. இரவு 11.30க்கு இறக்கி 12.15 வரை ஆடியவர் உள்ளூர் நேரப்படி மறுநாள் திரும்பியவர். யுடிசிப்படி அதே நாள். இறக்கிய நேரத்திலிருந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தாரா என்று எண்ணினால் தகராறு தீரும். போன் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்: கேமில் தீர்ந்த உயிர் சீக்கிரம் நிரம்புவதற்காக அதை முன்னே தள்ளுபவர்கள் உண்டு. நெட் போய் வரும்போது ஒரே ஈவென்ட் இருமுறை வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்து இரட்டையை நீக்குங்கள்.

கே: எங்கள் சொல் விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகளே அதிகம் ஆடுகிறார்கள். எதைச் சேகரிக்கலாம்? (நெல்லை வாசகர்)

கூடியவரை குறைவாக. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. 9ஆம் பிரிவின்படி பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. அபராதம் ₹200 கோடி வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் கேம் விவகாரத்தில் அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் 2022இல் ஒப்புக்கொண்ட 52 கோடி டாலரில் 27.5 கோடி குழந்தைகளின் தரவுப் பாதுகாப்பு விதியை மீறியதற்கான அபராதம். பேச்சு வசதி முன்கூட்டியே திறந்து கிடந்ததும் குற்றச்சாட்டில் ஒன்று.

பெயர், போன் எண் கேட்காதீர்கள். சாட்டை மூடியே வையுங்கள். எண்ணிக்கையைப் போனிலேயே வைத்து, “14ஆம் லெவல்: 6 முயற்சி, 1 வெற்றி” என்று அடையாளம் இல்லாமல் மொத்தமாக அனுப்புங்கள். மேலே சொன்ன 7 நாள் கணக்கு அப்போது கிடைக்காது. பிள்ளைகள் விஷயத்தில் அதை விட்டுக்கொடுப்பதே நியாயம். விளம்பர எஸ்டிகே (விளம்பரம் காட்ட ஆப்பில் சேர்க்கும் நிரல் தொகுப்பு) இணைத்திருந்தால் அது தன்பாட்டுக்குப் போனின் விளம்பர அடையாள எண்ணை அனுப்பக்கூடும். வெளியிடும் முன் ஒரு ப்ராக்ஸி (போனுக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைக் கருவி) வழியாக ஆப்பை ஓட்டி, போனிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று வரிவரியாகப் பார்த்துவிடுங்கள்.