பாக்கி இருந்தாலும் பள்ளியில் சேர்க்கலாம்

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டக் கூலிப் பெண்ணின் மகளை, போன வருஷக் கட்டணப் பாக்கியைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பணம் திரட்ட அலையாதீர்கள்.

1996 பள்ளிச் சட்டப்படி, கட்டணம் கட்டவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தப் பள்ளி 'நோ-ஃபீ' பட்டியலில் இருந்தால் கட்டாயக் கட்டணமே கிடையாது. இல்லையென்றாலும் கவலை வேண்டாம்: தாய் சாசாவில் (அரசின் சமூக உதவித்தொகை அலுவலகம்) பிள்ளைக்கான உதவித்தொகை வாங்குகிறாரா? வாங்கினால் கட்டணத்தில் முழு விலக்கு. அதற்கான தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். பள்ளி நிர்வாகக் குழுவுக்கு விலக்கு கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை கேட்டதும்தான் ஆபீஸ் அம்மாக்களின் குரல் இறங்கும், நான் பார்த்திருக்கிறேன்! விலக்கு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றீர்களே, அதுவும் தடையில்லை. காகிதம் இல்லாத பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்கண்டா நகர உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய் ஒரு சத்தியக் கடிதம் (அஃபிடவிட்) எழுதிக் கொடுக்கட்டும், போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாக முத்திரை போடுவார்கள்.

சீருடை, ஷூவுக்கு வேண்டுமானால் கோயில் கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.