ஏசி இரவு முழுக்க ஓடுமா? – கேரவன் கேள்வி–பதில்

டிராவலர் வண்டியில் கட்டிய கேரவன் ஒன்றைப் பார்த்தோம். தோல் சோபா, பெரிய டிவி எல்லாம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இரவு ஏசி போட்டுத் தூங்க முடியுமா என்று கேட்டால், ‘இன்வெர்ட்டர் இருக்கு சார்’ என்கிறார்கள். அது போதுமா?
– வாசகர், ஈரோடு

பேட்டரி எத்தனை யூனிட் தாங்கும் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, கூரையும் பக்கங்களும் சரியாக இன்சுலேட் செய்த வண்டியில், 8 மணி நேரத்துக்குச் சுமார் 4 யூனிட் இழுக்கும். வெறும் தகரக் கூரை என்றால் மே மாதத்தில் கணக்கே வேறு. வீட்டில் வைக்கும் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் சீக்கிரம் போய்விடும். ஆக, நடு இரவுக்கு முன்பே ஏசி நின்றுவிடும். போதாக்குறைக்கு 50 கிலோவுக்கு மேல் எடை, ஆசிட், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு. தூங்கும் அறைக்குள் வைக்கிற பொருளே இல்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் என்றால் 5.12 யூனிட். ஓர் இரவுக்கு அது தாராளம். 12 வோல்ட் அமைப்பில் 2000 வாட் எடுக்க 170 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஒயர் மெலிதாக இருந்தாலோ, முனையில் லக் (ஒயரைப் பேட்டரியோடு பிணைக்கும் உலோகக் கொண்டி) சரியாக இறுகாவிட்டாலோ அந்த இடம் சூடேறி உருகும். 48 வோல்ட் வரிசை பேட்டரியில் (மேலே சொன்ன 51.2 வோல்ட் இந்த வரிசைதான்) அதே வேலைக்கு 40 ஆம்பியர்தான். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் ‘ப்யூர் சைன் வேவ்’ வகையா என்றும் பாருங்கள்.

அடுத்தது, காலி ஆனதை எப்படி நிரப்புவது? ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவி) டிசி–டிசி சார்ஜர் வழியாக 700 வாட் எடுத்தால், 5 மணி நேரப் பயணத்தில் 3.5 யூனிட் ஏறும். கூரையில் 800 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 3 யூனிட் அளவுக்குத் தரும். ஆனால் சோலாருக்கு வெயிலில் நிறுத்த வேண்டும், ஏசிக்கு நிழலில் நிறுத்த வேண்டும்! அதனால் சோலாரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெளியிலிருந்து கரண்ட் எடுக்க 16 ஆம்பியர் இணைப்பும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யும் கட்டாயம். லாட்ஜ் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று சாக்கெட் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

உள்ளே மர வேலையும் கிரானைட் மேடையும் செய்து தருகிறோம் என்கிறார்கள். வண்டி தாங்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவைத் தாண்டும். 15 ஷீட் போட்டால் ஏழெட்டுப் பேர் எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கும் எடை. கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ, அதோடு குலுங்கலில் விரிசலும் விடும். அலுமினியச் சட்டத்தில் மெல்லிய பலகை போதும்.

டெலிவரி எடுக்கும் முன் டீசல், தண்ணீர் இரண்டையும் முழுதாக நிரப்பி எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. ஆர்சி-யில் உள்ள மொத்த எடைக்கும் எடை மேடை காட்டும் எடைக்கும் நடுவே ஆட்கள், பெட்டிகள், பாத்திரங்களுக்கு 500 கிலோவாவது மிஞ்ச வேண்டும். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகவும் எடை போடுங்கள். பாத்ரூம், தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் வாலில் அடைத்தால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் குறையும். நனைந்த சாலையில் அது ஆபத்து. கனமானவை இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கட்டும்.

கேசட் டாய்லெட் நல்லதா, டேங்க் வைத்ததா?
– வாசகி, மதுரை

கேசட் என்பது 18–20 லிட்டர் பெட்டி. வெளியே உருவி எந்தக் கழிப்பறையிலும் கொட்டிவிடலாம், அது வசதிதான். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும் என்று விற்பார்கள். அது காகிதம் பயன்படுத்துகிறவர்கள் கணக்கு. நாம் ஹெல்த் ஃபாசெட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டருக்கு மேல் விடுகிறோம். நால்வர் இருந்தால் ஒரே நாளில் நிரம்பும். குடும்பத்துக்கு 80 லிட்டர் அளவில் நிலையான டேங்க் நல்லது. வெளியேற்றும் வால்வு 3 அங்குலம் இருக்கட்டும், டேங்கின் காற்றுக்குழாய் கூரைக்கு மேலே போகட்டும். ஓடும்போது உள்ளே நாற்றம் வந்தால், பெரும்பாலும் குளியலறை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) நின்ற தண்ணீர், சாலை வளைவுகளில் சிந்தி வற்றியிருக்கும். அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றினால் தீரும்.

வயதான அம்மா ஓடும்போது கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். ஒரே ஒரு திடீர் பிரேக் போதும். சேசிஸோடு போல்ட் போட்ட, முன்னோக்கிய, மூன்று புள்ளி பெல்ட் உள்ள சாய்வு இருக்கைகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை பேருக்குத்தான் அது பயண வண்டி. பக்கவாட்டு சோபா நிறுத்தியபின் உட்காரத்தான். அம்மாவுக்காகப் பார்க்க வேண்டியவை: முதல் படியின் உயரம், வாசலில் கைப்பிடி, தரையிலிருந்து 45 செ.மீ. உயரக் கட்டில். பாத்ரூமுக்குள் அவரையே ஒருமுறை போய்த் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வேன் வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் மாற்றினால் பாதிச் செலவுதானே?
– வாசகர், சேலம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. கேரவன்களுக்கான ஏஐஎஸ்-124 விதியின் கீழ் அனுமதிச் சான்று பெற்ற கட்டுநரிடம் போங்கள். இல்லாவிட்டால் ஆர்சி-யில் ஒரு வண்டி, சாலையில் வேறு வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அதைத்தான் பிடிக்கும்.

வால்பாறை, ஊட்டி எல்லாம் போகலாமா?
– வாசகி, திருச்சி

போகலாம், நீளம் 6 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பின் சக்கரத்துக்குப் பின்னால் வால் நீண்ட வண்டி அங்கே உரசும். இறங்கும்போது இரண்டாம் கியரில் விடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஊட்டியிலிருந்து மைசூர் போவதானால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், இரவு மூடும் முன்பே கடந்துவிடுங்கள். கேரளா பக்கம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை வந்தபின், வாகமண்ணில் கேரவன் பார்க் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) வந்தது.

கூரை ஏசியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். ரயில்வே சுரங்கப் பாதைகளில் மாட்டுவது பெரும்பாலும் அந்தக் கூரை ஏசிதான்.