படத்தைக் காட்டினால் 'சூப்பர்' மட்டும்தான் வருகிறதா?

கேள்வி: நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாகப் பொழுதுபோக்காகப் படம் எடுத்து வருகிறேன். எங்கள் ஊர்ப் புகைப்படக் குழுவில் இருபது பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை நேரில் கூடுவோம், மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் படங்களைப் பகிர்ந்துகொள்வோம். என் படங்களுக்கு வருவதெல்லாம் 'சூப்பர்', கைதட்டல், பூங்கொத்து. போன மாதம் குழுவின் மூத்தவர் ஒருவர் போட்ட படத்துக்கு 'கடல் சாய்ந்திருக்கிறது, பேக்ரவுண்ட் குப்பை' என்று எழுதினேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். கருத்தை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது? கரைவலை இழுக்கும் என் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. ஏழு பேர் வரிசையாகப் பின்னால் சாய்ந்து கயிறு இழுக்கிறார்கள். முன்னால் நிற்கும் பெரியவரின் முன்கையில் நரம்பு புடைத்திருக்கிறது, கால்விரல்கள் மணலுக்குள் புதைந்திருக்கின்றன. ஆனால் என் கண் அவரிடம் நிற்கவில்லை. வலது ஓரத்தில் கிடக்கும் நீல நிற டிரம்முக்குப் போனது. அங்கிருந்து நான்காவது ஆளின் பனியன் முதுகில் இருக்கும் எழுத்துக்குத் தாவியது. அதைப் படித்து முடித்த பிறகுதான் பெரியவரிடம் திரும்பி வந்தேன்.

இதில் நல்ல படம் என்றோ மோசமான படம் என்றோ நான் இன்னும் சொல்லவில்லை. என் கண் போன வழியை மட்டும் சொன்னேன். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. எடுத்தவருக்குத் தான் எதைக் காட்ட நினைத்தோம் என்பது தெரியும். அடுத்தவர் கண் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் அந்தக் கடற்கரையில் நின்றவர் அவர். காற்று, உப்பு வாசனை, இழுப்பவர்களின் குரல் எல்லாம் அவர் நினைவில் அந்தப் படத்தோடு ஒட்டியிருக்கும். நமக்குக் கிடைப்பது ஒரு செவ்வகம் மட்டும்தான். குழு என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு தேரோட்டப் படம். வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தை எடுத்து, 12க்கு 18 அங்குலத்தில் அச்செடுத்து, பெருமையாக ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் யாருப்பா?" என்றார். எந்தப் பையன் என்று எனக்கே தெரியவில்லை. இடது ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்ட ஒரு சிறுவன், நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படத்தை எத்தனையோ தடவை திறந்து எடிட் செய்தும் அவனை நான் பார்த்ததே இல்லை. அறையில் இருந்த மற்ற எல்லோரும் முதலில் பார்த்தது அவனைத்தான்.

கண் எதற்கெல்லாம் ஓடும் என்பதற்குக் கணக்கு உண்டு. பிரேமில் மிகவும் வெளிச்சமான இடம், மனித முகம், அதிலும் நம்மைப் பார்க்கும் கண்கள், அப்புறம் எழுத்து. நம் ஊரில் இந்த எழுத்துதான் பெரிய தொல்லை. ஃபிளெக்ஸ் பேனர், சுவர் விளம்பரம், கடைப் பலகை என எங்கே கேமராவைத் திருப்பினாலும் ஏதாவது எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த கண் படிக்கத்தான் செய்யும். சுற்றிலும் மங்கலாக இருக்கும்போது ஒரு பளிச் நிறம் தனியாக இருந்தால் அதுவும் இழுக்கும். உங்கள் நீல டிரம் செய்வது அதைத்தான்.

இனி, எப்படிக் கேட்பது. 'சூப்பர்' வருவதில் பாதி நம்முடைய பொறுப்பு. ஒரே நேரத்தில் பன்னிரண்டு படங்களைக் கொட்டிவிட்டு 'எப்படி இருக்கு?' என்று கேட்டால், பஸ்ஸில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பவர் வேறு என்ன எழுதுவார்? ஒரு படம் போடுங்கள். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று ஒரு வரி, கேள்வி ஒன்று, எடுத்த விவரம். உங்கள் படத்துக்கு நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "பெரியவரின் கையில் தெரியும் பாரத்தைக் காட்ட நினைத்தேன். உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? 35 எம்எம், எஃப் 8, 1/60, ஐஎஸ்ஓ 400." இந்தக் கேள்விக்கு 'சூப்பர்' என்று பதில் எழுத முடியாது. எடுத்த விவரமும் வீணாகாது. கை லேசாகக் கலங்கியிருப்பதற்குக் காரணம் அந்த 1/60 வினாடி ஷட்டர் வேகம் என்று தெரிந்தவர் சொல்லிவிடுவார். ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றியிருந்தால் அதே வெளிச்சத்தில், லென்ஸ் துவாரம் அதே எஃப் 8இல் 1/250 கிடைத்திருக்கும், கையும் கூர்மையாக நின்றிருக்கும். முன்னும் பின்னும் அவ்வளவு கூர்மை வேண்டாம் என்றால் துவாரத்தை எஃப் 5.6க்குத் திறந்தும் ஒரு படி, அதாவது இரு மடங்கு வெளிச்சம், மிச்சம் பிடித்திருக்கலாம்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நரம்பும் மணல் துகளும் அதில் போய்விடும். எச்டி தேர்வு கொஞ்சம் பரவாயில்லை. டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். நீளப் பக்கம் 2048 பிக்சல், நிறவெளி (கோப்பில் நிறங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி என்று வைத்து ஏற்றுமதி செய்தால் போதும். அடோபி ஆர்ஜிபியில் விட்டுவிட்டால் சில திரைகளில் நிறம் செத்துப்போய்த் தெரியும், ஆளாளுக்கு 'கலர் டல்' என்று எழுதுவார்கள், குற்றம் படத்துடையதாக இருக்காது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து எடிட் செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். திரையில் பளிச்சென்று தெரிந்தது அச்சில் இருட்டாக வரும்.

டாக்குமெண்டாக அனுப்பும்போது ஜிபிஎஸ் இடக்குறிப்பும் படத்தோடு போகக்கூடும். வீட்டில் எடுத்த குழந்தைப் படம், பறவைக் கூட்டின் படம் இரண்டிலும் அதை நீக்காமல் அனுப்பவே கூடாது. கூட்டுப் படத்தைப் பகிராமலே இருப்பது இன்னும் நல்லது. இடம் தெரிந்துவிட்டால் பத்து கேமராக்கள் அங்கே போய் நிற்கும், தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அடுத்தது, நீங்கள் எழுதிய அந்த வரி. கடல் சாய்ந்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். 'குப்பை' என்ற சொல் அந்த உண்மையை மூடிவிட்டது. நம் ஊரில் வயதில் மூத்தவரிடம் இருபது பேர் முன்னால் குறை சொல்வது சின்ன விஷயமில்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை, சொல்லும் விதம் இருக்கிறது. பார்த்ததைச் சொல்லுங்கள், கேள்வியாகக் கேளுங்கள். "அண்ணே, படகு அருமையா நிக்குது. கடல்கோடு இடது பக்கம் இறங்கியிருக்கே, அந்த ஆட்டம் தெரியணும்னு வெச்சீங்களா?" வேண்டுமென்றே வைத்திருந்தால் காரணத்தைச் சொல்வார், உங்களுக்குப் பாடம். கவனிக்காமல் விட்டிருந்தால், "அட, ஆமாம்பா" என்பார். இரண்டிலும் அவர் மரியாதை அவரிடமே இருக்கிறது.

ஒரு தடவைக்கு ஒரு குறை போதும். எடிட்டில் சரிசெய்யக்கூடியதா, அடுத்த முறை நின்ற இடத்தை மாற்ற வேண்டியதா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் உதவி. சாய்ந்த கடலை அரை நிமிடத்தில் நேராக்கிவிடலாம். தலைக்குப் பின்னால் முளைத்த கம்பத்துக்கு இரண்டு அடி நகர்ந்து நின்றிருக்க வேண்டும். லென்ஸ் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். இன்னொருவர் படத்தைக் கேட்காமல் எடுத்து, வெட்டி, நிறம் மாற்றி, 'இப்போ பாருங்க' என்று குழுவில் திருப்பிப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனாலும் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் புகுந்து குழம்பில் உப்புப் போடுவது மாதிரி அது. முதலில் அனுமதி கேளுங்கள். பாராட்டும்போதும் இதே அக்கறை வேண்டும். 'சூப்பர்' என்பதற்குப் பதில் 'அந்தக் கால்விரல் மணலில் புதைந்த இடம் என்னை நிறுத்திவிட்டது' என்று எழுதினால், எதை விட்டுவிடக் கூடாது என்று எடுத்தவருக்குத் தெரியும்.

விதியை வைத்து அடிப்பவர்களும் எல்லாக் குழுவிலும் உண்டு. 'மூன்றில் ஒரு பங்கு விதி இல்லையே' என்பார்கள், அதாவது முக்கியமானது நடுவில் வராமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வர வேண்டுமாம். உங்கள் படத்தில் கயிறு நட்ட நடுவில் வருகிறது, அது அங்கேதான் வர வேண்டும், ஏழு பேரையும் கட்டி வைத்திருப்பதே அந்தக் கோடுதான். 'கிராப் செய்யவே கூடாது', எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டவே கூடாது என்பது இன்னொரு விதி. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், தான் எடுத்த பிரேமை முழுதாக அச்சிடுவதில் பிடிவாதமாக இருந்தவர். அவரே 1932இல் பாரிஸின் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரை வேலி இடுக்கு வழியாக எடுத்தார். இடது பக்கம் பலகை மறைத்துவிட்டது. வெட்டித்தான் அச்சிட்டார். வெட்டுவதா வேண்டாமா என்பதைப் படம் சொல்லட்டும். ஒரு தடித்த அட்டையில் 'ட' எழுத்து மாதிரி இரண்டு துண்டுகள் வெட்டி, அச்சின் மேல் ஒன்றுக்கொன்று எதிராக வைத்து நகர்த்திப் பாருங்கள். திரையில் கிராப் கருவி சொல்லாததை இந்த அட்டைகள் சொல்லும். உங்கள் படத்தின் வலது ஓரத்தில் அப்படி மூடிப் பார்த்தேன். டிரம் போய்விடுகிறது, கயிறும் பாதியில் அறுபடவில்லை. பனியன் எழுத்தை வெட்ட முடியாது. அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், போதும்.

மாதக் கூட்டத்துக்கு ஒரு யோசனை. ஆளுக்கு ஒரு அச்சு, சுவரில் மாட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பிடித்தது பிடிக்காதது அப்புறம். கூடிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1850களில், அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் தொடங்கியது. இன்றைய சென்னை கவின்கலைக் கல்லூரியின் மூலமான ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியவரும் அவர்தான்.

ஐந்து நிமிடம் சும்மா இருப்பது கஷ்டம், எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான். 'அன்னைக்கு அங்கே நிக்க இடமே இல்லை' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் தடுக்கினால் படத்தில்தான் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் தடுக்கினால் அது அவருடைய ரசனையாக இருக்கலாம், நன்றி சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்திய படத்தைப் பழையதோடு சேர்த்துப் போட்டால், கருத்துச் சொன்னவர்கள் அடுத்த முறையும் நேரம் ஒதுக்கிப் பார்ப்பார்கள்.

குழுவை விட்டுப் போன அந்த மூத்தவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். இந்தக் கரைவலைப் படத்தை 8க்கு 12 அங்குலத்தில் இரண்டு அச்சு எடுங்கள். ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றைக்கு எழுதியது தப்பு என்று சொல்லிவிட்டு, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கையில் கொடுங்கள். டிரம்மை வெட்டாமலே கொண்டுபோங்கள், அவர் கண் எங்கே போகிறது என்று பார்க்கலாம். இன்னொன்று அந்தக் கயிறு இழுத்த பெரியவருக்கு. அவர் நம்மைப் போல வெளிச்சத்தையும் ஓரத்தையும் பார்க்கமாட்டார். கயிறு பிடித்த பிடி சரியா, பின்னால் யார் சும்மா கை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்ப்பார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.