ஹார்னிமன் குடும்ப ஆவணங்களை எங்கே தேடுவது?

கேள்வி: லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தை நிறுவிய குடும்பத்தைப் பற்றி ஆராய்கிறேன். ஆவணப் பட்டியல்களில் குடும்பப் பெயரைத் தட்டினால் உதிரி உதிரியாகத்தான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரை விடுங்கள். அந்தத் தாளை எழுதியவர் யார், அவருடைய பொறுப்பு பிறகு யார் கைக்குப் போனது என்று பாருங்கள். பொறுப்பு போன வழியில்தான் தாளும் போயிருக்கும்.

தேயிலை வணிகர் ஃபிரெடரிக் ஹார்னிமன் 1890-இல் தன் வீட்டையே காட்சிக்கூடமாகத் திறந்தார். 1901-இல் புதுக் கட்டடம், சேகரிப்பு, தோட்டம் எல்லாவற்றையும் அன்றைய நகர நிர்வாகமான லண்டன் கவுன்டி கவுன்சிலிடம் ஒப்படைத்தார். உங்கள் தேடலைப் பிரிக்கும் கோடு இந்த ஆண்டுதான். அதற்கு முந்தைய பொருள் பதிவேடுகளை அருங்காட்சியகத்திடமே கேளுங்கள். பிந்தைய முடிவுகள் கவுன்சில் குழுக்களின் கூட்டக் குறிப்புகளில் இருக்கும். கவுன்சிலின் ஆவணங்கள் லண்டன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. 2024 வரை அதன் பெயர் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆவணக்காப்பகம். பழைய அடிக்குறிப்புகளில் அந்தப் பெயர்தான் வரும், குழம்ப வேண்டாம்.

ஹார்னிமன் தேயிலை நிறுவனத்தை 1918-இல் லயன்ஸ் என்ற உணவு நிறுவனம் வாங்கியது. ஆகவே 'லயன்ஸ்' என்றும் தேடுங்கள். அந்தத் தொகுப்பும் அதே காப்பகத்தில்தான்.

பலரும் கோட்டைவிடுவது ஃபிரெடரிக்கின் மகள் ஆனியை. டப்ளின் ஆபி நாடக அரங்கத்துக்குப் பணம் கொடுத்தவர் அவர். அவருடைய தாள்கள் மான்செஸ்டரில், ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளன. மும்பை ஹார்னிமன் சர்க்கிள் என்று வரும் பதிவுகளைத் தள்ளிவிடுங்கள்; அது பத்திரிகையாளர் பெஞ்சமின் ஹார்னிமன் பெயரால் அமைந்தது.

ஃபிரெடரிக்கின் தந்தை ஜான் ஒரு குவேக்கர், அதாவது 'நண்பர்கள் சங்கம்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்கள் ஞானஸ்நானம் செய்வதில்லை. எனவே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயில் பதிவேட்டில் அவர் பிறப்பைத் தேடுவது வீண். 1837 வரையிலான குவேக்கர் பிறப்புப் பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆர்ஜி 6 (RG 6) என்ற குறியீட்டு வரிசையில் உள்ளன. அவற்றில் மாதத்துக்குப் பெயர் இருக்காது, எண்தான். '6-ஆம் மாதம்' என்றால் ஜூன். மூதாதையரைத் தேடி 1752-க்கு முன்னே போனால் அதுவே ஆகஸ்ட். அப்போது மார்ச்தான் முதல் மாதம். இங்கே தவறினால் பிறப்பு, திருமணத் தேதிகள் ஒன்றோடொன்று முட்டும்.

நேரில் போகுமுன் கோப்பின் குறிப்பெண்ணோடு முன்பதிவு செய்யுங்கள். அடையாளச் சான்றும் பென்சிலும் கொண்டுபோங்கள். பேனா அனுமதி கிடையாது. படம் எடுக்க அனுமதி வாங்கியபின், ஒவ்வொரு கோப்புக்கும் முதல் படமாகக் குறிப்பெண் சீட்டையே எடுங்கள். இல்லாவிட்டால் ஊர் திரும்பியதும் நானூறு படங்களில் எது எந்தக் கோப்பு என்றே தெரியாது.